ரஷ்யாவுக்குத் தடை, ஜலகண்டபுரத்துக்கு அடி: வெளிநாட்டுத் தடைகளின் உள்ளூர் அரசியல்

அஸ்தம்பட்டி வாசகன்:

நம் சேலம் மாவட்டத்து விசைத்தறிகளில் துண்டும் போர்வையும் மேசை விரிப்பும் ஓட்டுகிறவர்களுக்கு 2025 ஆகஸ்ட் 27 எளிதில் மறக்காது. அன்றுதான் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா போட்ட வரி 50 சதவீதமானது. முதல் 25 வர்த்தகத் தகராறுக்காக. அடுத்த 25, நாம் ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்கான அபராதம். போரை நடத்தும் ரஷ்யாவின் வருமானத்தை அடைக்கிறோம் என்று காரணமும் எழுதியிருந்தார்கள்.

காரணத்தை விடுங்கள், விலக்குப் பட்டியலைப் பாருங்கள். செல்போனுக்கு அப்போது வரி இல்லை. மருந்துக்கு இல்லை. பெட்ரோலியப் பொருளுக்கும் இல்லை. ரஷ்ய எண்ணெய்தான் குற்றம் என்றால், அதைச் சுத்திகரித்து அனுப்பும் டீசல்தான் முதலில் மாட்டியிருக்க வேண்டும். டீசல் தப்பித்துவிட்டது, ஜலகண்டபுரத்துத் துண்டு மாட்டிக்கொண்டது. அமெரிக்காவில் மாத்திரையும் பெட்ரோலும் விலை ஏறினால் ஓட்டுப் போடுகிறவன் கேட்பான். துண்டுக்காக யார் கேட்கப் போகிறார்கள்?

இந்த இழையில் நான் வைக்கும் வாதம் இதுதான்: எதிரி நாட்டின் மீது போடும் தடையின் நோக்கம் அதன் முன்னுரையில் இருக்காது. யாருக்கு விலக்கு, எந்தத் தேதியில் போட்டார்கள், எந்தத் தேதியில் எடுத்தார்கள் என்ற மூன்றிலும் இருக்கும்.

எனக்குப் பிடித்த உதாரணம் பழசு. 1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்தது. 1980 ஜனவரி 4 அன்று அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர், சோவியத்துக்குப் போகவிருந்த 1.7 கோடி டன் தானியத்தை நிறுத்தினார். அது தேர்தல் ஆண்டு. 17 நாள் கழித்து அயோவா மாநிலத்தில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டங்கள். அயோவாவோ சோளக்காடு. போட்டியாளர் எட்வர்ட் கென்னடி தடையை எதிர்த்தார். கார்ட்டர் தேசப்பற்றைப் பேசி அங்கே வென்றார். நவம்பரில் அதே அயோவா ரொனால்ட் ரீகன் பக்கம் போய்விட்டது.

ரீகன் சோவியத்தைக் கார்ட்டரை விடக் கடுமையாகத் திட்டியவர். ஆனால் பிரச்சாரத்தில் அவர் விவசாயிகளிடம் சொன்னது, தானியத் தடையை நீக்குவேன் என்பது. 1981 ஏப்ரல் 24 அன்று நீக்கினார். சோவியத் படை அப்போதும் காபூலை விட்டு நகரவில்லை. இடைப்பட்ட காலத்தில் அர்ஜென்டினா விற்றது, சோவியத் வாங்கியது. தடையால் மாஸ்கோ மாறவில்லை. அயோவா மாறியது.

ஜலகண்டபுரம் தறி:

வாசகன் சார், நீங்கள் படித்ததைச் சொல்கிறீர்கள், நான் பட்டதைச் சொல்கிறேன். நாங்கள் நேரடி ஏற்றுமதியாளர் இல்லை. கரூர்ப் பக்கம் ஆர்டர் எடுக்கிறவர்களுக்குக் கூலிக்கு ஓட்டுகிறோம். அந்த ஆகஸ்டில் பாவு ஏற்றி வைத்த தறிகளை நிறுத்தச் சொன்னார்கள். பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்கள். பாதிக் கூலிக்குச் சம்மதமானால் ஓட்டு என்றும் கேட்டார்கள். நான் வாழ்நாளில் ரஷ்ய எண்ணெயைக் கண்ணால் பார்த்ததில்லை.

எனக்கு ஒரே கேள்வி. சீனா நம்மைவிட அதிகமாக ரஷ்ய எண்ணெய் வாங்குகிறது. அதற்கு இந்த அபராதத்தை ஏன் போடவில்லை?

அஞ்சு ரோடு நக்கல்:

அண்ணே, தண்டல்காரன் எந்த வீட்டு வாசலில் குரலை உயர்த்துவான், எந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பான் என்று உங்களுக்குத் தெரியாதா?

அஸ்தம்பட்டி வாசகன்:

நக்கல் சொன்னதுதான் பதில், கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். 2025 ஏப்ரலில் சீனா அரிய மண் தாதுக்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. அதிலிருந்து வரும் காந்தம் இல்லாமல் கார் மோட்டார் இல்லை. அமெரிக்கக் கார் ஆலைகள் உடனே திணறின. கார் ஆலைகள் எங்கே இருக்கின்றன? மிச்சிகன், ஒஹாயோ. தேர்தலை முடிவு செய்கிற மிச்சிகனைப் பகைத்துக்கொண்டு பெய்ஜிங்கைத் தண்டிக்க எந்த அதிபரும் தயங்குவார். நம்மிடம் அப்படி ஒரு பிடி இல்லை.

இன்னொன்று. 2022 மார்ச்சில் ரஷ்ய எண்ணெயை அமெரிக்கா தன் நாட்டுக்குள் தடை செய்தது. அதே மாதத்தில் ரஷ்ய உரத்துக்குத் தடை பொருந்தாது என்று தனியாக அனுமதி கொடுத்தது. அணு உலைக்கான செறிவூட்டிய யுரேனியத்தை 2024 வரை வாங்கிக்கொண்டே இருந்தார்கள். அந்த ஆண்டு சட்டம் போட்டுத் தடுத்தபோதும், வேறு வழி இல்லாத மின் நிறுவனங்கள் 2027 இறுதி வரை அனுமதி பெறலாம் என்று வாசலைத் திறந்து வைத்தார்கள். உரம் விவசாயிக்கு, யுரேனியம் மின் கட்டணத்துக்கு. இரண்டும் ஓட்டு.

கோர்ட் ரோடு அக்கா:

விலக்குப் பட்டியலைப் படி என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். சட்டத்தின் குணம் அதன் விதிவிலக்கில்தான் தெரியும். அதனால் வாசகன் சொல்வதற்குக் கியூபாவைச் சேர்க்கிறேன். இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது.

தடை 1962 பிப்ரவரியில் அதிபர் ஜான் கென்னடி போட்டது. அப்போது காரணம் இருந்தது: பனிப்போர், 90 மைலில் சோவியத்தின் நண்பன். 1991 இறுதியில் சோவியத்தே இல்லை. காரணம் போனால் தடையும் தளரவேண்டும் அல்லவா? அதற்குப் பிறகுதான் இறுகியது. புளோரிடாவுக்கு அப்போது அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவில் 25 வாக்குகள். மயாமியில் கியூபாவிலிருந்து தப்பி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். 1992-இல் தடையை இறுக்கும் மசோதா ஒன்று வந்தது. மூத்த புஷ் தயங்கினார், ஏனென்றால் அது நட்பு நாடுகளில் இயங்கும் அமெரிக்கக் கிளை நிறுவனங்களையும் கட்டிப்போடும். ஏப்ரலில் பில் கிளிண்டன் மயாமிக்குப் போய் இந்த மசோதா எனக்குப் பிடித்திருக்கிறது என்றார். அவ்வளவுதான், புஷ்ஷின் தயக்கம் பறந்தது. அக்டோபரில், அதுவும் மயாமியிலேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். வாக்குப்பதிவுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. புளோரிடாவை அவர் தக்கவைத்தார், நாட்டைத் தோற்றார்.

அடுத்தது 1996. பிப்ரவரி 24 அன்று மயாமிக் குழு ஒன்றின் இரண்டு சிறு விமானங்களைக் கியூபா சுட்டு வீழ்த்தியது. மார்ச் 12 அன்று கிளிண்டன் ஹெல்ம்ஸ்-பர்ட்டன் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதுவரை அதிபர் தன் உத்தரவால் தளர்த்த முடிந்த தடை, அன்றிலிருந்து சட்டத்துக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. நவம்பரில் புளோரிடா கிளிண்டனுக்கு.

விலக்கைக் கேட்டால் சிரிப்பீர்கள். 2000-இல் இன்னொரு சட்டம்: கியூபாவுக்கு உணவுப் பொருள் விற்கலாம், முன்பணம் வாங்கிக்கொண்டு. கோழி வளர்க்கும் மாநிலங்களும் அரிசி விளையும் மாநிலங்களும் கேட்டு வாங்கியது அது. ஆக, தடை இருக்கிறது, ஹவானாவில் அமெரிக்கக் கோழிக்காலும் இருக்கிறது. ஐ.நா. பொதுச்சபை 1992 முதல் இந்தத் தடைக்கு எதிராகத் தீர்மானம் போட்டுக்கொண்டே இருக்கிறது. ஐ.நா.வுக்கு மயாமியில் ஓட்டு இல்லை.

அஞ்சு ரோடு நக்கல்:

அக்கா கியூபா என்றதும் சுருட்டை விட்டுவிட்டீர்களே. கென்னடி தடையில் கையெழுத்துப் போடும் முன், தன் பத்திரிகைச் செயலாளர் பியர் சாலிஞ்சரைக் கூப்பிட்டு ஆயிரம் கியூபாச் சுருட்டு பிடித்துவரச் சொன்னாராம். மறுநாள் காலை 1,200 வந்துவிட்டது என்று சாலிஞ்சர் சொன்னதும், மேசை இழுப்பறையைத் திறந்து உத்தரவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாராம். சாலிஞ்சரே பின்னாளில் எழுதியது. முதல் விலக்கு அதிபருக்கு.

மலைமேல் காபி:

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். வாசகன் தம்பி சொல்லும் விலக்குக் கணக்கு எங்கள் தோட்டத்துக்கே வந்தது. எங்கள் பக்கம் அரபிகா காபி, சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடி. இரண்டுமே அந்த 50 சதவீதத்தில் மாட்டியவை. சின்னத் தோட்டக்காரன் நேராக அமெரிக்காவுக்கு அனுப்புவதில்லை, இந்தியக் காபி பெரும்பாலும் இத்தாலி, ஜெர்மனி, ரஷ்யா என்றுதான் போகிறது. என்றாலும் வாங்குகிற வியாபாரிக்கு விலையைக் குறைக்க ஒரு காரணம் கிடைத்தால் போதாதா?

2025 நவம்பர் 4 அன்று நியூ ஜெர்சி, வர்ஜீனியா ஆளுநர் தேர்தல்கள். இரண்டிலும் டிரம்ப் கட்சி தோற்றது. பிரச்சாரம் முழுக்க விலைவாசிதான் பேச்சு. பத்து நாள் கழித்து, நவம்பர் 14 அன்று, காபி, தேயிலை, மசாலா, வாழைப்பழம், மாட்டிறைச்சி எல்லாவற்றையும் வரிப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். காபி அங்கே ஹவாயையும் போர்ட்டோ ரிக்கோவையும் விட்டால் விளைவதில்லை. காலையில் எழுந்ததும் குடிக்கிற சாமான். எங்களுக்குப் பறிப்பு தொடங்கும் நேரம் அது. எந்த மந்திரியும் எங்களுக்காகப் பேசி வாங்கிக் கொடுத்த விலக்கு இல்லை. வர்ஜீனியாக்காரர்கள் ஓட்டுப் போட்டார்கள், ஏற்காட்டு மிளகு தப்பித்தது.

ஆனால் தம்பி, ஒன்று சொல்கிறேன். எல்லாவற்றையும் ஓட்டுக்கணக்காக்கினால் ஆட்சியில் இருப்பவனின் இக்கட்டைப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். ஆப்கானிஸ்தானுக்குள் படை போய்விட்டது. கார்ட்டர் என்ன செய்திருக்க முடியும்? அணு ஆயுதம் வைத்திருப்பவனோடு சண்டைக்குப் போக முடியாது. கண்டன அறிக்கையோடு நின்றால் கோழை என்பார்கள். நடுவில் கைக்குக் கிடைத்தது தானியம். அது தன் ஓட்டையே கடிக்கும் என்று தெரிந்தும் போட்டார் என்றால், அதில் கொள்கையும் கொஞ்சம் இருந்திருக்கும்.

ரஷ்யச் சந்தை பற்றி எனக்கு வேறு நினைவும் உண்டு. எண்பதுகளில் காபியை நாமாக விற்க முடியாது, காபி போர்டு எல்லார் காபியையும் சேர்த்து விற்கும் பொதுத் தொகுப்பான பூலில் ஒப்படைக்க வேண்டும். சோவியத் பெரிய வாடிக்கையாளர், ரூபாய்க் கணக்கில் வாங்கும். 1991-இல் அந்த நாடே இல்லாமல் போனதும் இங்கே மலையில் ரொம்பப் பேருக்குப் பணம் முடங்கியது. அதன் பிறகுதான் படிப்படியாகப் பூலை எடுத்தார்கள். சோவியத் நம் காபியை வாங்கியதும் அரசியல்தான், சுவைக்காக இல்லை. வாங்குவது அரசியலானால் நிறுத்துவதும் அரசியலாகத்தான் இருக்கும்.

அரியானூர் மாணவன்:

எல்லாரும் பெரியவர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த இழையில் ஒரு பக்கம்தான் பேசப்படுகிறது. உள்நாட்டு அரசியலால் வந்த தடை என்றாலே மோசடி என்ற தொனி இருக்கிறது. தென்னாப்பிரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாட்டின் மீது முதலில் வர்த்தகத் தடை போட்டது இந்தியா, 1946-இல். வெள்ளைக்காரன் ஆட்சி முடியாத காலம் அது. அங்கே இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. நேட்டாலின் கரும்புக்காடுகளுக்குச் சென்னை மாகாணத்திலிருந்து கூலிகளாகப் போன தமிழர்களின் பிள்ளைகளும் அதில் ஏராளம். இங்கே மக்கள் கொதித்தார்கள், அரசு தடை போட்டது. சுத்தமான உள்நாட்டு அழுத்தம். அது தவறா?

அமெரிக்காவிலும் அதே கதை. 1986-இல் நிறவெறி அரசுக்கு எதிரான தடை மசோதாவை ரீகன் ரத்து அதிகாரத்தால் தடுத்தார். அவர் கட்சி பெரும்பான்மையாக இருந்த செனட்டே 78-க்கு 21 என்று அதை முறியடித்தது. ஒரு மாதத்தில் தேர்தல், கல்லூரிகளிலும் தேவாலயங்களிலும் போராட்டம், கறுப்பின வாக்காளர்களின் கோபம். ஓட்டுப் பயம்தான். அந்த ஓட்டுப் பயம் இல்லாமல் இருந்திருந்தால் வெள்ளை மாளிகை தென்னாப்பிரிக்கத் தலைநகர் பிரிட்டோரியாவுடன் கைகுலுக்கிக்கொண்டே இருந்திருக்கும்.

நான் கேட்பது, ஜனநாயகத்தில் வெளியுறவுக் கொள்கை உள்நாட்டு மக்களிடமிருந்து வராமல் வேறு எங்கிருந்து வரவேண்டும்?

கோர்ட் ரோடு அக்கா:

நல்ல கேள்வி தம்பி. ஓட்டு நோக்கம் இருந்தால் தடை தவறு என்று நான் சொல்லவில்லை. 1986-இல் தெருவிலிருந்த கோபம் தலைவனை இழுத்துக்கொண்டு போனது. 1992 மயாமியில் இரண்டு தலைவர்கள் ஒரு தொகுதியை ஏலம் எடுத்தார்கள். இரண்டும் ஒன்றில்லை. இன்னொரு வித்தியாசமும் உண்டு: தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் என்ன செய்தால் தடை விலகும் என்று பட்டியலே இருந்தது. மண்டேலாவை விடுவி, நெருக்கடி நிலையை நீக்கு, கட்சிகள் மீதான தடையை எடு, இப்படி. அவற்றில் பெரும்பகுதி நடந்ததும் 1991-இல் தடையை எடுத்தார்கள். கியூபாவுக்கும் ஹெல்ம்ஸ்-பர்ட்டனில் நிபந்தனை உண்டு. ஃபிடல் காஸ்ட்ரோவும் அவர் தம்பி ராவுலும் இல்லாத அரசு வரவேண்டும் என்று பெயர் போட்டு எழுதியிருக்கிறார்கள். ஆட்சியில் இருக்கிற ஆளிடமே போய் உன்னை நீக்கிக்கொண்டு வா என்பது கோரிக்கையா? மயாமி மேடைக்கான வசனம் அது.

அஸ்தம்பட்டி வாசகன்:

மாணவன் தம்பி தொட்ட இடத்தில் ஜாக்சன்-வானிக் என்ற அமெரிக்கச் சட்டத் திருத்தம் வரவேண்டும். கொள்கையும் ஓட்டும் பிரிக்கமுடியாமல் பின்னிக்கொண்ட கேஸ் அது.

1972-இல் சோவியத், படித்தவர்கள் நாட்டை விட்டு வெளியேற வேண்டுமானால் படிப்புச் செலவைக் கட்டிவிட்டுப் போ என்று வரி போட்டது. அடிபட்டவர்கள் பெரும்பாலும் யூதர்கள். வாஷிங்டன் மாநிலத்து செனட்டர் ஹென்றி ஜாக்சன் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: குடிமக்களை வெளியேற விடாத கம்யூனிஸ்ட் நாட்டுக்குச் சாதாரண வர்த்தகச் சலுகை கிடையாது. 1975 ஜனவரியில் சட்டமானது. ஜாக்சன் 1972-இலும் அதிபர் வேட்பாளராக முயன்றவர், 1976-இலும் முயன்றார். யூத வாக்காளர்கள், தொழிற்சங்கங்கள், கம்யூனிச எதிர்ப்பாளர்கள் மூவரையும் ஒரே திருத்தத்தில் சேர்த்தார். அந்த மக்கள் மீது அவருக்கு அக்கறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன், இருந்தது. ஆனால் நடந்தது என்ன? 1973-இல் சுமார் 35,000 பேர் வெளியேறினார்கள். சட்டம் வந்த 1975-இல் அது 13,000 அளவுக்கு விழுந்தது. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிங்கர் சத்தமில்லாமல் பேசி வெளியே எடுத்துக்கொண்டிருந்தவர்களின் எண்ணிக்கை, சத்தம் போட்டதும் குறைந்தது. பிறகு 1979-இல் 51,000-க்கு ஏறியது. ஆயுதக் குறைப்பு ஒப்பந்தமும் தானியமும் மாஸ்கோவுக்குத் தேவைப்பட்ட ஆண்டு அது.

அந்தத் திருத்தம் ரஷ்யாவுக்கு எப்போது நீங்கியது? 2012 டிசம்பர். சோவியத் செத்து 21 ஆண்டு கழித்து. வெளியேற எந்தத் தடையும் இல்லாத நாட்டின் மீது, வெளியேற விடவில்லை என்ற சட்டம் அத்தனை ஆண்டு ஓடியது. கடைசியில் ஏன் எடுத்தார்கள்? அந்த ஆகஸ்டில் ரஷ்யா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. திருத்தம் இருந்தால் அமெரிக்கக் கம்பெனிகளுக்குத்தான் அங்கே நஷ்டம். எடுக்கும்போதும் சும்மா எடுக்க முடியவில்லை, ரஷ்யாவுக்குப் பணிந்தோம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. அதே சட்டத்தில், மனித உரிமையை மீறிய ரஷ்ய அதிகாரிகள் மீதான மாக்னிட்ஸ்கி தடைகளைக் கட்டி அனுப்பினார்கள்.

அரியானூர் மாணவன்:

சரி சார். நான் ஒரு கணக்கைச் சேர்க்கிறேன். ஹஃப்பவர் தலைமையிலான ஆய்வுக் குழு 20-ஆம் நூற்றாண்டின் 115 தடைகளை எடுத்து, அவற்றில் 40 பலன் தந்தன என்றது. ராபர்ட் பேப் என்ற இன்னொரு ஆய்வாளர் அதே 40-ஐ மறுபடி சோதித்து, 5-தான் தேறும் என்றார். மற்றவற்றில் பெரும்பாலும் படை போய்த்தான் வேலை நடந்தது, அல்லது எதிரி பணியவே இல்லை. எந்தக் கணக்கை எடுத்தாலும் பாதிக்குமேல் தோல்வி. இவ்வளவு தோற்கிற ஆயுதத்தை ஏன் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்றால், அது வேறு எங்கோ ஜெயிக்கிறது என்றுதானே அர்த்தம்? இந்த இடத்தில் நான் வாசகன் சார் பக்கம்.

ஜலகண்டபுரம் தறி:

தடை போடுகிறவன் கதையை மட்டும் பேசுகிறீர்கள். வாங்கிக்கொள்கிறவன் சும்மா இருப்பானா? ரஷ்யாக்காரன் என்ன செய்தான்?

கோர்ட் ரோடு அக்கா:

அவனும் தன் ஊர் அரசியலைத்தான் செய்தான் அண்ணா. கிரிமியா விவகாரத்துக்காக மேற்கு நாடுகள் தடை போட்டதும், 2014 ஆகஸ்டில் புதின் ஐரோப்பிய, அமெரிக்க இறைச்சி, மீன், பால் பொருள், பழம், காய்கறி எல்லாவற்றையும் நிறுத்தினார். பதிலடி என்று பெயர். தன் மக்களின் சாப்பாட்டு விலையைத் தானே ஏற்றிக்கொண்டது போலத்தான் தெரியும். ஆனால் உள்நாட்டுப் பண்ணை முதலாளிகளுக்குப் போட்டியே இல்லாத சந்தை கிடைத்தது. பன்றி, கோழி, பாலாடைக்கட்டித் தொழில்கள் கொழித்தன. தடையை நீக்குங்கள் என்று கேட்கவேண்டிய பணக்காரர்களில் ஒரு பகுதி, நீக்காதீர்கள் என்று வேண்டிக்கொள்ளும் நிலைக்கு வந்தது. 2015-இல் கடத்தி வந்த பாலாடைக்கட்டியை புல்டோசர் விட்டு நசுக்கித் தொலைக்காட்சியில் காட்டினார்கள். யாருக்குக் காட்டினார்கள்? ஐரோப்பிய ஒன்றியம் உட்கார்ந்திருக்கும் பிரஸ்ஸல்ஸுக்கு இல்லை.

அங்கேயும் விலக்கு உண்டு. தடை வந்த இரண்டு வாரத்துக்குள் மீன் குஞ்சு, விதை உருளைக்கிழங்கு, லாக்டோஸ் இல்லாத பால் ஆகியவற்றை விட்டுவிட்டார்கள். மீன் குஞ்சு வராவிட்டால் உள்ளூர் மீன் பண்ணையே நின்றுவிடும்.

அஞ்சு ரோடு நக்கல்:

அமெரிக்காக்காரனையும் ரஷ்யாக்காரனையும் கிழித்துவிட்டோம். நாம் என்ன யோக்கியமா? 2011 ஜூனில் தமிழ்நாடு சட்டமன்றம் இலங்கை மீது பொருளாதாரத் தடை கேட்டுத் தீர்மானம் போட்டதே. ஆட்சிக்கு வந்து ஒரு மாதம்கூட முடியாத ஜெயலலிதா முன்மொழிந்தது. 2013 மார்ச்சில் மறுபடி ஒன்று. அந்த மாதம்தான் மாணவர்கள் தெருவில், தி.மு.க. மத்திய ஆட்சியிலிருந்து விலகல், சென்னை ஐ.பி.எல். ஆட்டத்தில் இலங்கை வீரர்களுக்கு இடமில்லை. யார் முந்துவது என்று இரண்டு கட்சிக்கும் ஓட்டப்பந்தயம். மயாமி என்ன, மெரினா என்ன?

ஜலகண்டபுரம் தறி:

தம்பி, அதை இதோடு சேர்க்காதீர்கள். அங்கே செத்தது நம் ஜனம். 2013-இல் என் மகனும் கல்லூரி வாசலில் உட்கார்ந்தவன்தான். அவனுக்கு எந்த ஓட்டும் இல்லை, அப்போது 17 வயது.

அஞ்சு ரோடு நக்கல்:

உங்கள் மகனைச் சொல்லவில்லை அண்ணே. அவனுக்குப் பின்னால் கொடி பிடித்து வந்தவர்களைச் சொன்னேன்.

நெறியாளர்:

இலங்கைப் பிரச்சினைக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே தடைகளின் அரசியல் என்ற அளவில் மட்டும் பேசுங்கள். நக்கல், வார்த்தையில் கவனம்.

கோர்ட் ரோடு அக்கா:

நெறியாளர் சொன்ன எல்லைக்குள்ளேயே பேசுகிறேன். அந்தத் தீர்மானத்தைச் சட்டமாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. வெளிநாட்டு விவகாரம் மத்தியப் பட்டியலில் 10-ஆவது இனம், வெளிநாட்டு வர்த்தகம் 41-ஆவது இனம். மாநிலத்தால் ஒரு மூட்டையைக்கூட நிறுத்த முடியாது. அது முன்மொழிந்தவர்களுக்கும் தெரியும். ஆனால் பலனே இல்லை என்றும் சொல்லமாட்டேன். 2012-இலும் 2013-இலும் ஜெனிவாவில், ஐ.நா. மனித உரிமை மன்றத்தில், இலங்கைக்கு எதிரான தீர்மானத்தில் இந்தியா ஆதரவாக வாக்களித்தது. தமிழ்நாட்டு அழுத்தம் இல்லாமல் அது நடந்திருக்காது. வர்த்தகமோ ஒரு நாளும் நிற்கவில்லை. வாசகன் கணக்குப்படி பார்த்தால் இது முழுக்க முழுக்க விலக்காலேயே ஆன தடை.

தறி அண்ணா மகன் உட்கார்ந்ததும், முதலமைச்சர் தீர்மானம் போட்டதும் ஒரே நாளில் நடந்தாலும் ஒரே காரணத்துக்காக இல்லை. அமெரிக்காவிலும் அப்படித்தான். மயாமியில் அப்பாவைச் சிறையில் இழந்தவர் கேட்ட தடையும், அவர் ஓட்டுக்காக கிளிண்டன் கொடுத்த தடையும் ஒரே காகிதத்தில் இருந்தன.

மலைமேல் காபி:

அம்மணி சரியாகச் சொன்னீர்கள். டில்லியும் இப்படித்தான். 2020-இல் கல்வான் மோதலுக்குப் பிறகு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தார்கள். டிக்டாக் போனது. பட்டாசு வெடித்தார்கள். மருந்துக்கான மூலப்பொருள் சீனாவிலிருந்து வருவதை யாரும் தொடவில்லை, தொட்டிருந்தால் நம் பாராசிட்டமால் என்னவாகியிருக்கும்? மொத்த இறக்குமதி பிறகு கூடத்தான் செய்தது. அதைக் குறை சொல்லவில்லை. எங்கே வலிக்காதோ அங்கே கிள்ளினார்கள்.

அரியானூர் மாணவன்:

நம் மீது போட்ட தடையை யாரும் சொல்லவில்லையே. 1998 பொக்ரான்?

அஸ்தம்பட்டி வாசகன்:

அதைத்தான் கடைசிக்கு வைத்திருந்தேன், தம்பி முந்திவிட்டார். 1998 மே 11, 13 தேதிகளில் நாம் அணு சோதனை, மாதக் கடைசியில் பாகிஸ்தான். அமெரிக்கச் சட்டப்படி இரண்டு நாட்டுக்கும் தானாகவே தடை, அரசு உத்தரவாதக் கடன் உட்பட. அமெரிக்கக் கோதுமையைப் பாகிஸ்தான் அந்தக் கடனில்தான் வாங்கும். வடமேற்கு மாநிலங்களின் வெள்ளைக் கோதுமைக்குப் பாகிஸ்தான் பெரிய வாடிக்கையாளர். ஜூலை நடுவில் அது டெண்டர் திறக்கப் போகிறது. வாஷிங்டன் மாநிலத்து செனட்டர் பாட்டி முர்ரேக்கு அந்த நவம்பரில் தேர்தல். இரு கட்சியும் சேர்ந்து விவசாயக் கடனுக்கு மட்டும் விலக்கு என்று ஒரு சட்டத்தைக் கடகடவென்று நிறைவேற்றின. ஜூலை 14 அன்று கிளிண்டன் கையெழுத்து. டெண்டர் மறுநாள். பாகிஸ்தான் சோதனை முடிந்து இரண்டு மாதம்கூட நிறையவில்லை, அணு ஆயுதப் பரவல் ஆபத்து கோதுமைக்கு வழிவிட்டு நின்றது.

மிச்சத் தடைகளை 2001 செப்டம்பர் 22 அன்று இளைய புஷ் எடுத்தார். இந்தியாவோ பாகிஸ்தானோ ஓர் அணுகுண்டையும் பிரித்துப் போடவில்லை. இரட்டைக் கோபுரம் விழுந்து 11 நாள், ஆப்கானிஸ்தானுக்குப் போக வழி வேண்டியிருந்தது.

கோர்ட் ரோடு அக்கா:

2017 சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுங்கள். ரஷ்யா, ஈரான், வடகொரியா மூன்றுக்கும் சேர்த்து வந்தது. செனட்டில் 98-க்கு 2, கீழவையில் 419-க்கு 3. அது ரஷ்யாவைக் கட்டிப்போட்டதோ இல்லையோ, டிரம்ப்பைக் கட்டிப்போட்டது. 2016 தேர்தலில் ரஷ்யா தலையிட்ட சர்ச்சைக்குப் பிறகு, அதிபர் தனியாகத் தடையை எடுத்துவிடக் கூடாது என்று காங்கிரஸ் பூட்டுப் போட்டது. கையெழுத்துப் போட்ட அன்றே அவர் அதைக் குறைபாடுள்ள சட்டம் என்று திட்டினார். ரஷ்யாவிடம் எஸ்-400 ஏவுகணை வாங்கிய துருக்கி மீது அந்தச் சட்டம் 2020-இல் பாய்ந்தது. நாமும் 2018-இல் அதையே வாங்க ஒப்பந்தம் போட்டோம், நம்மைத் தொடவில்லை. 2022-இல் இந்தியாவுக்கு விலக்கு கொடுங்கள் என்று கீழவையில் திருத்தம் கொண்டுவந்து நிறைவேற்றியவர் கலிபோர்னியாவின் ரோ கன்னா. தொகுதி சிலிக்கான் பள்ளத்தாக்கு. அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அது கடைசியில் சட்டமாகவில்லை, ஆனால் பேச ஆள் இருந்தது.

ஜலகண்டபுரம் தறி:

ஆக, ஏவுகணைக்குப் பேச ஆள் இருந்தது, காபிக்கு வர்ஜீனியா இருந்தது, கோதுமைக்கு செனட்டர் அம்மா இருந்தார். துண்டுக்கு யாரும் இல்லை. அப்படித்தானே?

அஸ்தம்பட்டி வாசகன்:

துண்டை வாரம் ஒருமுறை யாரும் வாங்குவதில்லை அண்ணா. விலை ஏறினால் பழைய துண்டே போதும் என்று விட்டுவிடுவார்கள், அல்லது பாகிஸ்தான் துண்டு, வங்கதேசத் துண்டு எடுப்பார்கள். அதனால் வாக்காளர் பக்கமிருந்து குரல் வராது. வரக்கூடிய ஒரே இடம் அங்கே உள்ள பெரிய கடைச் சங்கிலிகள். அவர்கள் ஒரு வருடம் முன்னதாகவே ஆர்டர் போடுகிறவர்கள், திடீரென்று வேறு நாட்டுக்கு மாறுவது அவர்களுக்கும் சுலபமில்லை. வரி வந்ததும் அவர்களில் சிலர் பாதியைத் தாங்கிக்கொண்டு, மீதியை நம் ஆட்கள் தலையில் இறக்கினார்கள். அந்தச் சங்கிலிகளின் பெயர் கரூர் ஏற்றுமதியாளர்களுக்குத் தெரியும். அங்கே உள்ள சங்கங்கள் மூலமாக மனு போகிறதா என்று கேட்டுப் பாருங்கள். டில்லிக்குக் கொடுக்கும் மனுவை விட அது சீக்கிரம் போய்ச் சேரும்.

ஜலகண்டபுரம் தறி:

கேட்டேன். அவர்கள் கடைக்காரர்களோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறார்களாம். அதுவரை கூலியைப் பாதியாகவே வைத்துக்கொள் என்கிறார்கள். விலக்குப் பட்டியலில் எங்கள் பெயரும் ஏறும்போது அந்தப் பாதியைத் திருப்பித் தருவார்களா என்று கேட்டதற்குப் பதில் இல்லை.